ஆபீஸில் யார் யாரிடம் போய்க் கேட்கிறார்கள்?

36 பேர் வேலை பார்த்த ஒரு சிறு அமெரிக்க நிறுவனத்தில், டேவிட் கிராக்ஹார்ட் என்ற ஆய்வாளர் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார்: இங்கே யார் யாரிடம் யோசனை கேட்கிறார்கள்? யாருக்கு யார் நண்பர்? தன்னைப் பற்றி மட்டுமல்ல, மற்ற 35 பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990இல் முடிவு வெளிவந்தது. யோசனை கேட்கும் வலையைச் சரியாகக் கணித்தவர்களைத்தான் சக ஊழியர்கள் செல்வாக்குள்ளவர்கள் என்றார்கள். பதவியால் வரும் செல்வாக்கைக் கழித்துப் பார்த்தபோதும் அப்படித்தான். நட்பு வலையைச் சரியாகச் சொன்னவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆபீஸ் பாலிடிக்ஸ் என்றதும் கோள்மூட்டுவதும் காக்கா பிடிப்பதும்தான் நினைவுக்கு வரும். தலைமைப் பொறுப்புக்கு வர நினைப்பவருக்கு அவற்றைவிட உதவுவது இந்த வலையைப் படிக்கத் தெரிவதுதான்.

வரைந்து பார்க்க ஒரு தாள் போதும். உங்கள் வேலை தொட்டுப் போகும் 12 அல்லது 15 பேரின் பெயரை எழுதுங்கள். கேட்பவரிடமிருந்து கேட்கப்படுபவரை நோக்கி அம்புக்குறி. இரண்டு வாரம் கவனியுங்கள். மெஷின் நின்றால் சூப்பர்வைசர் முதலில் யாருக்குப் போன் போடுகிறார்? மீட்டிங்கில் ஒரு தொகை சொல்லப்பட்டதும் மேனேஜரின் கண் யார் பக்கம் போகிறது? அம்புகள் வந்து குவியும் இடம் மேனேஜரின் அறையாக இல்லாமல், ஸ்டோர்ஸில் இருக்கும் ஒரு சீனியர் கிளார்க்கின் மேஜையாகக்கூட இருக்கலாம்.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று விதத்தில். சத்தமாகப் பேசுபவரைச் செல்வாக்குள்ளவர் என்று எடுத்துக்கொள்வது. டீ குடிக்கச் சேர்ந்து போவதை யோசனை கேட்பதாகக் கணக்கிடுவது. மூன்றாவதுதான் மோசம்: தன்னைத் தாளின் நடுவில் போட்டுக்கொள்வது. அதைத் திருத்த, உங்களிடம் கேட்டு வந்தவர்களை மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது, தாளில் இரண்டு குழுக்களுக்கு இடையே அம்பே இல்லாத வெற்றிடங்கள். ஒரு பெரிய அமெரிக்க மின்னணு நிறுவனத்தின் 673 மேலாளர்களை ஆராய்ந்த ரொனால்ட் பர்ட், ஒன்றோடொன்று பேசாத குழுக்களுக்கு நடுவில் நிற்பவர்களின் யோசனைகளே மேலதிகாரிகளிடம் நல்ல மதிப்பெண் பெற்றன என்று 2004இல் காட்டினார். சம்பளமும் பதவி உயர்வும்கூட அவர்கள் பக்கமே சாய்ந்தன. காரணம் எளிது: பர்ச்சேஸில் பழசாகிப்போன தகவல் புரொடக்‌ஷனில் புதுச் செய்தி. ஆனால் இங்கிருந்து அங்கே கொண்டுபோவது வேலைத் தகவலாக இருக்க வேண்டும். ஆள் பற்றிய பேச்சைச் சுமந்தால் இரண்டு பக்கமும் கதவு சாத்திவிடும். வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களைப் பிறர் எளிதில் நம்புவதில்லை. ஒரு சீனியர் அறிமுகப்படுத்தி, அவர் பெயரில் நுழைவதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

பழகத் தொடங்க நல்ல வழி, யோசனை கேட்பது. கேட்டால் மட்டமாக நினைப்பார்கள் என்ற பயம் பலருக்கும் உண்டு. 2015இல் வெளியான சோதனைகள் நேர்மாறாகச் சொன்னன: கடினமான வேலையில், அது தெரிந்த ஆளிடமே கேட்டால், கேட்டவரின் திறமை மீது மதிப்பு கூடுகிறது. சுலபமான வேலைக்குக் கேட்டால் அந்தப் பலன் இல்லை.

ஷிப்ட் நேரத்தை மாற்றும் திட்டம் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். நேராக மீட்டிங்கில் போட்டால், முதல் எதிர்ப்புக் குரலோடு எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். பலர் முன்னால் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுவது யாருக்கும் கஷ்டம். ஆகவே ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் மேலதிகாரியிடம் முதலில் காட்டுங்கள். அவரைத் தாண்டிப் போனால் திட்டமே செத்துவிடும். பிறகு அம்புகள் குவியும் அந்த ஆளிடம் தனியாக 15 நிமிடம்: "இதில் எது உடையும்?" கடைசியாக, எதிர்க்கப் போகிறவர். அவர் சொன்ன திருத்தத்தில் ஒன்றையாவது ஏற்று, அது அவருடையது என்று மீட்டிங்கில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அன்றைக்கே மெயிலிலும் எழுதி, அவருடைய மேனேஜரை சிசியில் போடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாளைப் புதிதாக வரையுங்கள். ஒரு டிரான்ஸ்ஃபர், ஒரு ரிட்டயர்மென்ட் போதும், பாதி அம்புகள் திசை மாறிவிடும்.