எத்திக்ஸ் என்றால் நெறிமுறையா?

பொறியியல் பாடம் தமிழுக்கு வரும்போதெல்லாம் 'எத்திக்ஸ்' என்பது 'பொறியியல் நெறிமுறைகள்' ஆகிவிடுகிறது. பாடநூல், வினாத்தாள், கருத்தரங்க அழைப்பிதழ் எல்லாவற்றிலும் இதே சொல். மாணவர் எதைப் படிக்கப்போகிறார் என்பதையே இது மாற்றிவிடுகிறது.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'ஈத்தோஸ்' என்றால் குணம், வழக்கம். அதன் உரிச்சொல்லை லத்தீனில் சொல்ல ரோமானிய எழுத்தாளர் சிசரோ ஆக்கிய சொல்லிலிருந்துதான் 'மாரல்' வந்தது. தமிழில் நெறி என்றால் வழி, முறை என்றால் ஒழுங்கு. சேர்த்துச் சொன்னால், ஒரு வேலையை எந்த வரிசையில் செய்வது என்பது.

கணினித் தமிழ் 'புரோட்டோகால்' என்பதற்கு இச்சொல்லை எடுத்துக்கொண்டதும் அதனால்தான். இணைய நெறிமுறை என்றால் தரவுப் பொதிகள் போய்வரும் விதி. கச்சிதமான பொருத்தம்: படிகளைக் கடைப்பிடித்தால் போதும், சரியா தவறா என்று எந்தக் கருவியும் யோசிக்க வேண்டியதில்லை. படிகள் முடிந்த பிறகும் 'இது சரிதானா?' என்று கேட்கவைக்கும் பாடத்துக்கு அதே பெயரை எப்படி வைப்பது?

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஓர் ஓட்டலின் தொங்கு நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே எஃகுத் தண்டு நான்காம் தளப் பாலத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் தளப் பாலம்வரை போனது. அவ்வளவு நீளத் தண்டில் மரை வெட்டுவது சிரமம் என்று அதை இரண்டு தண்டுகளாக்கினார்கள். இப்போது கீழ்ப்பாலம் மேல்பாலத்தின் உத்தரத்திலிருந்து தொங்கியது. அந்த உத்தரத்தின் அடியிலிருந்த நட்டின் மேல் சுமை இரு மடங்கானது. வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை விழுந்தது. மாறிய இணைப்பை யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

இதை வைத்து 'நெறிமுறைகளை விளக்குக' என்று கேட்டால் பத்து விதிகள் எழுதி முழு மதிப்பெண் வாங்கலாம். 'இதிலுள்ள அறச்சிக்கல் என்ன?' என்று கேட்டால், எந்தச் சுமை மாறியது, அது யார் தலையில் இறங்கும், யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்தி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும் என்று யோசித்தாக வேண்டும்.

'ஒழுக்கவியல்' சற்றே மேல். ஆனால் வகுப்பறையில் ஒழுக்கம் என்றாலே வருகைப்பதிவும் உடையும்தான் நினைவுக்கு வரும். திருக்குறளிலும் ஒழுக்கமுடைமை, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களில் ஒன்று மட்டுமே.

ஆகவே துறைக்கு அறவியல். பொறியாளர் சங்கங்கள் வெளியிடும் தொகுப்புக்கு அறநெறித் தொகுப்பு. அலுவலகக் கட்டுப்பாடுகளுக்கு நடத்தை விதிகள். நெறிமுறை கணினிக்காரர்களிடமே இருக்கட்டும். அறம் என்றால் தானதருமம்தானே என்று ஆட்சேபிப்பவர்கள், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன மன்றத்துக்குச் சங்க இலக்கியம் வைத்த பெயரைப் பார்க்கட்டும்: அறங்கூறவையம். எடைபோட்டு முடிவெடுப்பது அச்சொல்லுக்குள் அன்றே இருந்தது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமூகப் பொறுப்பைச் 'சமூகப் பொறுப்புணர்வு' ஆக்காதீர்கள். உணர்வு சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. பொறுப்பு அப்படி விருப்பத்துக்கு விட்டதன்று. பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். அந்த உத்தரத்தின் அடியில் நட்டு செய்யவேண்டியிருந்த வேலை.