வெட்டி ஒட்டியபோது விடுபட்ட துண்டு

எழுபதைத் தாண்டிய ஒருவர், வடமராட்சிப் பக்கம். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியே எழுதுகிறேன். நுரையீரலில் கட்டி. வெளியே அனுப்பிய பரிசோதனையின் ரிப்போட்டோடு மகன் கிளினிக்குக்கு வந்திருந்தார். “டொக்டர், இதில மெட் எக்ஸோன் 14 ஸ்கிப்பிங் எண்டு கிடக்குது. அப்பா நேரத்துக்குச் சாப்பிடுறேல்ல, அதாலயோ?”

சிரிக்க முடியவில்லை. ஸ்கிப்பிங் என்றால் ஒன்று விடுபடுவது. இங்கே விடுபடுவது என்ன என்று யாரும் அவருக்கு விளக்கியிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று படித்தோமே, அந்த மரபணுவிலிருந்து கலம் முதலில் ஒரு ஆர்.என்.ஏ. நகலை எடுக்கும். அதில் தேவையான துண்டுகள் எக்ஸோன்கள். இடையில் கிடப்பவை இன்ட்ரோன்கள். இன்ட்ரோன்களை வெட்டி எறிந்து எக்ஸோன்களை ஒட்டுவதுதான் ஸ்பிளைசிங். 1977இல் ஒரு வைரஸில் இதைக் கண்டுபிடித்த பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ரொபர்ட்ஸ் இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் கலியாண வீடியோ மாதிரித்தான். எடுத்தது ஒன்று, கனடாவுக்குப் போவது மூன்று மணி நேரம், வாட்ஸ்அப்பில் சுற்றுவது மூன்று நிமிடம். பல எக்ஸோன்கள் உள்ள எங்கள் மரபணுக்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவை இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வெட்டி ஒட்டப்படுகின்றன. பிசிஎல்-எக்ஸ் என்ற மரபணுவின் நீளமான வடிவம் கலத்தைச் சாகவிடாது. குட்டை வடிவம் சாகத் தூண்டும். பல புற்றுநோய்களில் நீளமானதுதான் மிஞ்சி நிற்கிறது. சில நேரம் வெட்டுகிற ஆளே பழுது: எஸ்எப்3பி1 மரபணு கெட்டுப்போனால் ஒன்றல்ல, நிறைய ஆர்.என்.ஏ.க்கள் பிழையாக ஒட்டப்படும். சில இரத்தப் புற்றுநோய்களில் இதைக் காண்கிறோம்.

சரி, மெட்டுக்கு வருவோம். கலத்தின் மேற்பரப்பில் இருந்துகொண்டு ‘வளர்’ என்று சைகை கொடுக்கும் புரதம் அது. வேலை முடிந்ததும் அதை அழிக்கச் சொல்லி ஓர் அடையாளம் ஒட்டப்பட வேண்டும். அதற்குத் தேவையான இடம் 14ஆம் எக்ஸோனில் இருக்கிறது. அந்தத் துண்டு விடுபட்டு 13ஓடு 15 ஒட்டினால், புரதம் அழியாமல் நின்று சைகை கொடுத்துக்கொண்டே இருக்கும். நுரையீரல் புற்றுநோயில் அதிகம் காணும் வகையான சிறுகலமல்லாத புற்றுநோய்களில் ஏறக்குறைய 3 சதவீதத்தில் இப்படி நடக்கிறது, வயதானவர்களில் கூடுதல். சுருட்டுப் பிடித்தவர்களிலும் வரும், தொட்டே பார்க்காதவர்களிலும் வரும். இதைக் குறிவைக்கும் கப்மாட்டினிப் மாத்திரைக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை எல்லோருக்கும் எட்டுகிற விலையில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகன் குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுற நேரம் டொக்டர். இது பரம்பரையா வாறதோ?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்தேன். எங்கள் ஊரில் ரிப்போட்டில் ‘ஜீன்’ என்று கண்டாலே வீட்டில் ஒரு பயம் வந்துவிடும். இல்லை தம்பி, இது கட்டிக்குள் பிறகு ஏற்பட்ட மாற்றம், பிள்ளைகளுக்குப் போகாது என்றேன். ஆனால் மார்பக, சூலகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1 போன்ற மரபணுவில், வெட்டும் எல்லையிலேயே பிழை பிறவியோடு வந்திருந்தால் கதை வேறு. ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு மார்பகத்திலோ சூலகத்திலோ புற்றுநோய் வந்திருந்தால் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். மறைப்பதால் சம்பந்தம் பிழைக்கலாம், பிள்ளை பிழைக்குமோ தெரியாது.

இன்னொன்று, நான் அடிக்கடி சண்டை பிடிக்கிற விஷயம். டி.என்.ஏ. பரிசோதனையில் ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் சிலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். 14ஆம் எக்ஸோன் விடுபடுவதற்கு அதன் எல்லைகளில் பலவிதமான மாற்றங்கள் காரணமாகலாம். இன்ட்ரோன் பக்கத்தைச் சரியாக வாசிக்காத பரிசோதனை சிலதைத் தவறவிடும். ஆர்.என்.ஏ.யை வாசித்தால் 13ஓடு 15 ஒட்டியிருப்பது நேரடியாகவே தெரியும். அதற்கு நல்ல இழையம் வேண்டும். ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும், பயொப்சியில் எடுத்த இழையத்தைப் பதித்து வைக்கும் மெழுகு ப்ளொக் பழசானால் அதில் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஆகவே பயொப்சி ரிப்போட்டோடு, ப்ளொக் எங்கே இருக்கிறது, இன்னும் எவ்வளவு இழையம் மிச்சம் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மகன் கிளினிக் கொப்பியைத் திருப்பி, பின்மட்டையில் ப்ளொக் நம்பரை எழுதிக்கொண்டார்.