முதுகைத் திருப்பிக் காட்டும் கடிகாரம்

ஜெர்மனியில் செய்த நல்ல மெக்கானிக்கல் வாட்ச் ஒன்றை, கடிகாரம் சேகரிக்கும் பழக்கமுள்ள ஒருவரிடம் நீட்டிப் பாருங்கள். மணி என்ன என்று பார்க்க மாட்டார். வாங்கிய கையோடு கவிழ்த்து, முதுகைத்தான் பார்ப்பார். இதெல்லாம் வெறும் பந்தா என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் நண்பர் ஒருவர், லாங்கே என்ற ஜெர்மன் நிறுவனம் செய்த தன் பழைய ‘லாங்கே 1’ கடிகாரத்தை மெல்லிய துணிமேல் கவிழ்த்து வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை என் கையில் கொடுத்தார். அடுத்த ஒரு மணி நேரம் நான் தலை நிமிரவில்லை.

முதுகில் மூடிக்குப் பதிலாகக் கண்ணாடி. உள்ளே, முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு உலோகத் தகடு. வெள்ளி போலவும் இருக்கிறது, லேசாக மஞ்சள் பூத்தது போலவும் இருக்கிறது. அதன்மேல் அலையலையாக வரிகள். ஆங்காங்கே தங்க வளையத்துக்குள் பதித்த சிவப்புக் கற்கள், மயில் கழுத்து நிறத்தில் திருகுகள். ஓர் ஓரத்தில் மட்டும் பூ வேலைப்பாடு செதுக்கிய ஒரு சிறு கை. அதற்கடியில் ஒரு சக்கரம் இடமும் வலமுமாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. இதில் எது வேலை, எது அலங்காரம்? பெரும்பாலானவை வேலைக்காகப் பிறந்து, பிறகு அலங்காரமாகிப்போனவை.

முதலில் அந்தத் துடிப்பு. நாம் சாவி கொடுக்கும்போது விரல்கள் செய்யும் உழைப்பு, ஓர் உருளைக்குள் சுருட்டி வைத்த பட்டை வில்லில் சேமிப்பாகிறது. வில் விரியப் பார்க்கிறது; உருளை சுழல்கிறது; அதன் பற்கள் அடுத்தடுத்த சக்கரங்களைத் தள்ளுகின்றன. தடுக்க ஆள் இல்லையென்றால் சக்கரங்கள் தறிகெட்டு ஓடி, வில் மொத்தமும் சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். தடுக்கிற ஆளுக்குப் பெயர் எஸ்கேப்மென்ட். நங்கூர வடிவில் ஒரு சிறு நெம்புகோல், அதன் இரண்டு கைகளிலும் ஆளுக்கொரு மாணிக்கத் துண்டு. கடைசிச் சக்கரத்தின் பல்லை ஒரு கை பிடித்து நிறுத்தும். இடமும் வலமுமாகத் துடிக்கிறதே, அந்த பேலன்ஸ் சக்கரம் ஆடி வந்து நெம்புகோலைத் தட்டியதும் அந்தப் பல் விடுபடும். விடுபட்ட பல் போகிற போக்கில் பேலன்ஸுக்கு ஒரு சிறு உந்துதலைக் கொடுத்துவிட்டுப் போகும். அதற்குள் மறு கை அடுத்த பல்லைப் பிடித்திருக்கும். நமக்குக் கேட்கிற ‘டிக்’ இந்தப் பிடிப்பின் ஓசைதான்.

பேலன்ஸை ஒரே சீராக ஆட வைப்பது அதன் நடுவிலுள்ள மயிரிழை போன்ற சுருள்வில். ஹேர்ஸ்பிரிங் என்பார்கள். 1675-ல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் வெளியிட்ட யோசனை அது. ஆட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் ஒரு முறை போய்வர ஏறக்குறைய ஒரே நேரம் ஆகும் என்பதுதான் அதன் குணம். லாங்கே 1-ல் நொடிக்கு ஆறு டிக், மணிக்கு 21,600, நாளுக்கு 5,18,400. ஓராண்டில் 18 கோடியே 92 லட்சத்தைத் தாண்டும். ஒரு நாளின் 86,400 நொடிகளில் 5 நொடி பிசகினால் நல்ல கடிகாரம்தான். பிழை 17,280-ல் ஒரு பங்கு. சுருள்வில்லும் பல்சக்கரமும் எட்டுகிற துல்லியம் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் வாட்ச் இதை அலட்டிக்கொள்ளாமல் தோற்கடிக்கும். அதில் அதிரும் படிகத்தின் வேகம் நொடிக்கு 32,768. மணி பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

இனி அந்தப் பெரிய தகடு. ஒவ்வொரு பல்சக்கரத்தின் அச்சுக்கும் இரண்டு முனைகள். கீழ்முனை அடித்தட்டில் ஒரு துளைக்குள் நிற்கும். மேல்முனைக்கும் ஒரு துளை வேண்டும். சுவிஸ் வழக்கப்படி ஒன்றிரண்டு சக்கரங்களுக்கு ஒரு பாலம் என்று தனித்தனியாகப் போட்டுத் திருகுவார்கள். ஒரு பாலம் இம்மி நகர்ந்தாலும் அச்சு சாயும், பற்கள் கடிக்கும் ஆழம் மாறும், உராய்வு கூடும். எல்லா மேல்முனைகளையும் ஒரே தகட்டில் துளைத்துவிட்டால் துளைகளுக்கு இடையிலான தூரம் மாறவே மாறாது. கட்டமைப்பும் உறுதியாக இருக்கும். பேலன்ஸும் எஸ்கேப்மென்டும் மட்டும் வெளியே நிற்கும், கைவைத்துச் சரிபார்க்க வசதியாக. 1864-ல் இந்த முக்கால் தகட்டை நிலைநிறுத்தியவர், நிறுவனத்தைத் தொடங்கிய ஃபெர்டினான்ட் அடோல்ஃப் லாங்கே.

இதற்கு விலை கொடுப்பவர், பாகங்களைக் கோத்துக் கடிகாரத்தைப் பூட்டுகிறவர். தகட்டை மேலே வைக்கும்போது எல்லா அச்சு முனைகளும் ஒரே நேரத்தில் தத்தம் துளைக்குள் இறங்கியாக வேண்டும். முனை ஒன்றின் தடிமன் தலைமுடியைவிட அதிகம் பெரிதல்ல. ஒன்றை உள்ளே தள்ளினால் இன்னொன்று வெளியே வரும். அவசரப்பட்டுத் தகட்டை அழுத்தினால் அச்சு முறியும். லாங்கே நிறுவனத்தில் ஒவ்வொரு கடிகாரத்தையும் இரண்டு முறை பூட்டுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதற்கும் இங்கேதான் காரணம். முதல் முறை பூட்டி, ஒவ்வொரு அச்சுக்கும் மேலும் கீழும் இருக்க வேண்டிய இடைவெளியைச் சரிசெய்து, ஓடவிட்டுப் பார்ப்பார்கள். இந்த வேலையில் தகட்டில் கீறல் விழத்தான் செய்யும். பிறகு மொத்தத்தையும் பிரித்து, கழுவி, மெருகேற்றி, வரியோட்டி, மறுபடி பூட்டுவார்கள். நீலத் திருகுகள் அப்போதுதான் உள்ளே போகும்.

லாங்கே டிரெஸ்டன் நகரத்துக்காரர். அரசவைக் கடிகாரக்காரரான குட்கேஸிடம் தொழில் பழகியவர். அங்கிருந்து தெற்கே எர்ட்ஸ்கெபிர்க மலையில் இருக்கிறது கிளாஸ்ஹுட்டே. சுரங்கங்கள் வற்றி, ஊரே வறுமையில் கிடந்த காலம். சாக்ஸனி அரசிடம் கடன் வாங்கி, 1845 டிசம்பர் 7 அன்று 15 பயிற்சிப் பையன்களோடு பட்டறை தொடங்கினார். பழகி முடித்தவர்கள் திருகுக்கு ஒருவர், பல்சக்கரத்துக்கு ஒருவர் என்று தனித்தனித் தொழில்களாகப் பிரிந்து நின்றதில் ஊரே ஒரு தொழிற்சாலையாயிற்று. பாரிஸ் லீன் என்ற பழைய அளவையைத் தூக்கிப்போட்டுவிட்டு மில்லிமீட்டரைப் புகுத்தியதும் அவர்தான். பதினெட்டு ஆண்டுகள் ஊர் மேயராகவும் இருந்தார்.

தகட்டின் உலோகம் நமக்குப் பழக்கமான பெயருடையது: ஜெர்மன் சில்வர். ஆமாம், கல்யாணத்துக்குத் தாம்பூலத் தட்டும் குங்குமச் சிமிழும் வாங்கும்போது கடைக்காரர் சொல்கிற அதே பெயர். பெயரில்தான் வெள்ளி. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. சீனர்கள் வெகுகாலமாகச் செய்துவந்த கலவையை, 1823-ல் கைட்னர் என்பவர் ஜெர்மனியில் செய்து காட்டினார், அதுவும் இதே மலையைச் சேர்ந்த ஷ்னீபெர்க் ஊரில். பித்தளையைவிடக் கடினமானது. ஆனால் முலாம் பூசாமல் விடுவதால் ஒரு தொல்லை: வெறும் விரல் பட்டால் ரேகை கறையாகப் பதிந்துவிடும். நாளாக ஆக, மேலே மெல்லிய தேன் நிறம் படியும். நண்பரின் கடிகாரத்தில் நான் கண்ட மஞ்சள் அதுதான்.

தங்க வளையங்களின் கதை வேறு. அச்சு முனை உலோகத் துளையில் உராய்ந்தால் துளை தேய்ந்து அகலும். அதனால்தான் மாணிக்கக் கல். எச்எம்டி வாட்சின் முகத்தில் ‘17 ஜூவல்ஸ்’ என்று போட்டிருக்குமே, அந்தக் கல்தான். இயற்கை மாணிக்கத்தை வைத்துச் செய்த காலத்தில் ஒரு கல் போல இன்னொன்று இராது. தட்டில் நேராகப் பதிக்கப்போனால் உடையவும் செய்யும். மென்மையான தங்க வளையத்தில் கல்லைப் பதித்து, வளையத்தைத் தட்டில் திருகிவிட்டால் தேவைப்படும்போது கழற்றி மாற்றலாம். 1902-ல் வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். பிறகு ஒரே அளவில் அறுத்த கற்களைத் துளையில் அழுத்திச் செருகினாலே போதும் என்றாகிவிட்டது. நண்பரின் கடிகாரத்திலுள்ள 365 பாகங்களில் கற்கள் 53. தங்க வளையத்தில் இருப்பவை 9. அந்த ஒன்பதும் இன்று அழகுக்குத்தான். நிறுவனங்கள் இதைச் சற்றுக் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

நீலத் திருகில் சாயம் கிடையாது. மெருகேற்றிய எஃகைச் சூடாக்கினால் மேலே ஆக்ஸைடு படலம் வளரும்; ஒளி அதில் பட்டுத் திரும்பும் விதத்தால் நிறம் தோன்றும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, ஏறத்தாழ 290 முதல் 300 டிகிரியில் அடர்நீலம். சில விநாடி தவறினால் நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிடும்; மறுபடி தேய்த்து ஆரம்பத்திலிருந்து. படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. துருவை ஓரளவு தடுக்கும், எஃகின் முறியும் தன்மையைக் குறைக்கும். ஒரே கடிகாரத்தில் எல்லாத் திருகும் ஒரே நீலமாக இருக்கிறதா என்று லூப்பில் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு.

அன்னத்தின் கழுத்துபோல் வளைந்த ஒரு வில்லும் உண்டு. நேரத்தை முன்பின் நகர்த்தும் முள்ளை ஒரு திருகோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, மயிரிழை அளவில் நகர்த்த உதவுவது அதன் பழைய வேலை. லாங்கேயின் பின்னாளைய இயந்திரங்கள் பலவற்றில் வேகத்தை மாற்ற பேலன்ஸ் சக்கரத்திலேயே எடைகள் வந்துவிட்டன. அன்னக்கழுத்தை எடுக்க மனமில்லை. டிக்குக்கும் டாக்குக்கும் இடையில் இடைவெளி சமமாக விழுகிறதா என்று சரிசெய்யும் வேலையை அதற்குக் கொடுத்துவிட்டார்கள்.

முன்பக்கத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: பெரிய தேதி. 31 எண்களையும் ஒரே வட்டில் எழுதினால் எண் சிறுத்துவிடும். லாங்கே 1-ல் பத்து இடத்துக்குச் சிலுவை வடிவில் ஒரு துண்டு, ஒன்று இடத்துக்கு வளையம். வளையம் தினமும் நகரும், ஒரே ஒரு இரவு தவிர. 31 முடிந்து 1 பிறக்கும்போது வளையத்தில் ‘1’ அப்படியே நிற்க வேண்டும்; சிலுவை மட்டும் திரும்ப வேண்டும். அதற்காக உள்ளே ஒரு சக்கரத்தில் ஒரு பல்லை வெட்டி எடுத்துவிட்டார்கள். டிரெஸ்டன் ஓபரா அரங்கில் குட்கேஸ் செய்து வைத்த எண் கடிகாரத்தின் நினைவு இது. விளம்பரங்களில் அந்தத் தேதி 25 என்றே நிற்கும். 1994 அக்டோபர் 24 அன்று அறிமுகமான கடிகாரம், மறுநாள் செய்தித்தாளில் அன்றைய தேதியைக் காட்ட வேண்டுமே.

அந்த 1994-க்கு முன்னால் பெரிய இடைவெளி. 1945 மே 8, போர் முடிந்த நாளிலேயே, சோவியத் குண்டுகள் கிளாஸ்ஹுட்டேயில் விழுந்தன. 1948-ல் நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1951-ல் ஊரின் பட்டறைகள் ஒரே அரசு நிறுவனமாயின. மேற்கு ஜெர்மனிக்கு ஓடிப்போன கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே, பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1990 டிசம்பர் 7 அன்று, கொள்ளுத்தாத்தா பட்டறை தொடங்கிய அதே தேதியில், மறுபடி தொடங்கினார். 2022 முதல் சட்டமே இருக்கிறது: உற்பத்தி மதிப்பில் பாதிக்குக் குறையாமல் இந்த ஊரில் உருவாகாத கடிகாரத்தில் கிளாஸ்ஹுட்டே என்று பொறிக்கக்கூடாது.

வாங்க நினைப்பவருக்கு ஒரே யோசனை: தகட்டின் விளிம்புச் சரிவில், உள்நோக்கி மடங்கும் மூலையைப் பாருங்கள். சுழலும் வெட்டுக்கருவி உள்மூலையை உருண்டையாகத்தான் விடும். கத்தி முனைபோல் இரண்டு சரிவுகள் சந்தித்தால், அங்கே ஒருவர் அரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். லாங்கேயின் விலை எட்டாதவர்களுக்கு அதே ஊரின் நோமோஸ் நிறுவனம் உண்டு. 2014 முதல் தன் எஸ்கேப்மென்டைத் தானே செய்கிறது. அதுவும் வேண்டாமென்றால் அரசு நிறுவனக் காலத்து ஸ்பெஸிமாட்டிக் வாட்ச். பழைய சந்தையில் கிடைக்கும்போது முகத்தட்டை மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் இருப்பது அதுதான். முகத்தில் ‘26 ரூபிஸ்’ என்று எழுதியிருக்கும். நண்பரிடம் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் கவிழ்த்தார். கண்ணாடி இல்லை, வெறும் எஃகு மூடி. ஒரு கணம் அதையே பார்த்தவர், எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.