மழைக்காட்டின் நடுவே தாகம்: டிக்கால் நகரம் தண்ணீரை வடிகட்டிய கதை

குவாத்தமாலாவுக்குப் போகத் திட்டமிட்டிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கார்மெலிட்டா கிராமத்திலிருந்து முதுகுப்பையோடு காட்டுக்குள் நடந்து, எல் மிரடோர் என்ற பழைய மாயா நகரத்தைப் பார்த்துவரும் பயணம். போக மட்டுமே இரண்டு நாள் நடை. கூடாரம், சாப்பாட்டுச் சாமான்களோடு குடிதண்ணீரையும் கோவேறு கழுதைகளில் ஏற்றிப் போவார்கள் என்று படித்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மழைக்காட்டுக்குள் எதற்குத் தண்ணீரைச் சுமக்க வேண்டும்? பத்துப் பேருக்கே தண்ணீர் கிடைக்காத இடத்தில் ஒரு காலத்தில் நகரங்கள் எப்படி இருந்தன?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. பெத்தேன் என்ற அந்த வட்டாரம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு அந்தக் கல்லை அரித்து அரித்து வெடிப்புகளை உண்டாக்கிவிடும். பெய்கிற மழை பெரும்பாலும் அந்த வழியே கீழே இறங்கிவிடும், ஆறாக ஓடாது. வடக்கே மெக்சிகோவின் யூகட்டானில் நிலத்தடி நீர் மேலாகவே இருப்பதால் பூமி உள்வாங்கிய இடங்களில் நீர் கண்ணுக்குத் தெரியும். பெத்தேன் மேட்டிலோ அது எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,900 மில்லிமீட்டர் மழை பெய்தும், பிப்ரவரி முதல் மே வரை நிலம் காய்ந்து போகும். மற்ற மாதங்களில் சேற்றில் கால் வைக்க முடியாது என்பதால் பயணிகள் போவதும் பெரும்பாலும் இந்த வறண்ட மாதங்களில்தான்.

இரண்டாவது கேள்விக்கு எல் மிரடோருக்குத் தென்கிழக்கே இருக்கும் டிக்கால் என்ற இன்னொரு மாயா நகரத்தைப் பார்ப்போம். அதன் நீர்த்தேக்கங்களைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையவே கண்டறிந்திருக்கிறார்கள். கோயில் முற்றங்களுக்கெல்லாம் சுண்ணாம்புச் சாந்து பூசி, லேசான சரிவு கொடுத்து, விழுந்த மழையைத் தேக்கங்களுக்குத் திருப்பினார்கள். ஊரே நீர்ப்பிடிப்புப் பகுதி. சரி, தண்ணீர் சேர்ந்துவிட்டது. மாதக்கணக்கில் வெயிலில் தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியுமா?

2020இல் சின்சினாட்டி பல்கலைக்கழகக் குழு ஒன்று தேக்கங்களின் அடிமண்ணை ஆராய்ந்து இரண்டு கட்டுரைகள் வெளியிட்டது. அரண்மனையையும் கோயிலையும் ஒட்டிய தேக்கங்களில் பாதரசமும் நச்சு நீலப்பச்சைப் பாசியின் மரபணுத் தடயங்களும் இருந்தன. சுவர்களுக்குப் பூசிய சிவப்புச் சாயம் பாதரசத் தாது, மழை அதைக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆனால் கொரியென்டால் என்ற தேக்கத்தின் மண்ணில் மட்டும் வேறொன்று கிடைத்தது: படிகக் குவார்ட்ஸ் மணலோடு கலந்த ஜியோலைட் என்ற கனிமத்தின் துகள்கள். டிக்காலின் சுண்ணாம்புப் பாறையில் இவை கிடையாது. 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு தாழ்நிலத்தில் இருக்கின்றன. நீர் நுழையும் வாயிலில் வைத்திருந்த வடிகட்டியை வெள்ளம் அடித்து உள்ளே கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது குழுவின் கணிப்பு. அந்த வடிகட்டியின் காலம் 2,000 ஆண்டுகளுக்கும் முன்னால் தொடங்குகிறது.

ஜியோலைட் எனக்கு மிகவும் பிடித்த கனிமம். எரிமலைச் சாம்பல் காரத்தன்மையுள்ள நீரோடு நெடுங்காலம் வினைபுரிந்து உருவாவது. 1756இல் ஸ்வீடன் நாட்டு ஆக்சல் குரோன்ஸ்டெட் இந்த வகைக் கல் ஒன்றைச் சூடாக்கினார். கல் நுரைத்துப் பொங்கி ஆவி விட்டது. கல்லுக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதன் அணுக்கட்டமைப்பே கூடு கூடாக, ஒரு நானோமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள துளைகளோடு இருக்கிறது. அங்கேதான் தண்ணீர் தங்கியிருந்தது.

இந்தக் கூட்டைக் கட்டுபவை சிலிக்கானும் ஆக்சிஜனும். ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜன்களோடு கைகோத்து நிற்கும், மின்கணக்கு சரியாக இருக்கும். நடுநடுவே சிலிக்கானின் இடத்தில் ஓர் அலுமினியம் வந்து உட்கார்ந்துவிடும். சிலிக்கானுக்கு நேர்மின்னூட்டம் நான்கு, அலுமினியத்துக்கு மூன்றுதான். ஆக, அலுமினியம் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் கூட்டுக்கு ஓர் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அதை ஈடுகட்ட நேர்மின்னூட்டமுள்ள சோடியம், பொட்டாசியம், கால்சியம் அணுக்கள், அதாவது அயனிகள், துளைக்குள் வந்து தங்கும். வலுவான பிணைப்பு கிடையாது, மின் ஈர்ப்பால் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அழுக்குத் தண்ணீர் வரும்போது அதிலுள்ள அம்மோனியமும் ஈயமும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ள, சோடியம் வெளியேறிவிடும். கூடு கொஞ்சமும் குலையாது. ஓர் அணு மாறி உட்கார்ந்ததில் ஒரு கல்லுக்கே தண்ணீரைச் சுத்தம் செய்யும் குணம் வந்துவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. அம்மோனியம் குறைந்தால் பாசிக்குத் தீனியும் குறையும்.

பாக்டீரியாவும் இந்தத் துளைகளில் மாட்டிக்கொள்ளும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. பாக்டீரியாவின் அகலம் சுமார் 1,000 நானோமீட்டர், உள்ளே நுழையவே முடியாது. அவற்றைப் பிடித்து நிறுத்துவது துகள்களுக்கும் குவார்ட்ஸ் மணலுக்கும் இடையிலான இடுக்குகள். இரண்டையும் கலந்து வைத்ததால் இரண்டு வேலையும் நடந்திருக்கிறது.

இதே குடும்பத்துக் கல்தான் ஃபுகுஷிமா அணு உலை நீரிலிருந்து கதிரியக்கச் சீசியத்தைப் பிரித்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நம் மருத்துவமனைகளில் அமைத்த ஆக்சிஜன் நிலையங்களில் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைத்ததும் இதுதான்.

டிக்கால் மக்களுக்கு அயனி என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. எரிமலைச் சாம்பல் பாறையிலிருந்து ஊறும் நீர் தெளிவாகவும் சுவையாகவும் இருப்பதைக் கவனித்து, அந்த மணலை எடுத்து வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தலைமுறைகளாகக் கவனித்துச் சேர்த்த அறிவு அது. மாயா நகரங்களை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று காணொளி போடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். மணல் சுமந்த மனிதர்களின் உழைப்பை அவர்களிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிற பேச்சு அது.

அதே போல, பொன்னும் கல்லறையும் கிடைக்கும் அகழாய்வுக்குப் பணம் கொடுக்க முன்வருகிறவர்கள் குளத்துச் சேற்றை ஆராய்வதற்கும் கொடுக்க வேண்டும். டிக்காலில் பாதரசத்தையும் பாசியையும் ஜியோலைட்டையும் காட்டிக்கொடுத்தது சேறுதான். 2021இல் வந்த இன்னொரு கட்டுரையில், தேக்கங்களின் மண்ணில் எஞ்சியிருந்த மரபணுத் துணுக்குகளைப் படித்து, கரைகளில் என்னென்ன மரங்கள் நின்றன என்பதையும் சொல்லிவிட்டார்கள்.