கண்ணைச் சுருக்கினால் தெரியும் லிங்கன்

வீட்டில் இருக்கும் சீப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கமான பல் உள்ள பக்கத்தைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரியும். அதையே ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் நடந்துகொண்டே போங்கள். ஐந்தாறு மீட்டர் தள்ளிப் போனதும் பற்கள் கரைந்து, சாம்பல் நிறப் பட்டை ஒன்றுதான் மிஞ்சும்.

சீப்பு அதேதான். கண்ணில் அது பிடிக்கும் கோணம்தான் சுருங்கிவிட்டது. நீட்டிய கையில் சுண்டுவிரல் நகத்தின் அகலம் ஏறக்குறைய 1 டிகிரி. அந்த 1 டிகிரிக்குள் 'பல், இடைவெளி' என்ற ஜோடி எத்தனை முறை வருகிறதோ, அதுதான் இடஞ்சார் அதிர்வெண். ஒரு ஜோடி 2 மில்லிமீட்டர் என்றால், 57 சென்டிமீட்டர் தூரத்தில் (அங்கே 1 டிகிரி என்பது 1 சென்டிமீட்டர்) டிகிரிக்கு 5 ஜோடி. பத்து மடங்கு தள்ளிப் போனால் 50. நல்ல பார்வை உள்ளவருக்கும் 50, 60-ஐத் தாண்டினால் கோடுகள் பிரிந்து தெரியாது.

சரி, அதற்குக் கீழே எல்லாம் ஒரே மாதிரி தெரியுமா? தெரியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேம்ப்பெல், ராப்சன் இருவரும் 1968-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பார்வை ஆய்வுத் துறைக்கே அடித்தளம். மிக மங்கலான கோடும் கண்ணுக்குப் பிடிபடுவது டிகிரிக்கு 3 முதல் 5 வரையிலான அளவில்தான். கோடு அதைவிட நெருங்கினாலும் அகன்றாலும் கண் தடுமாறும். அகன்ற கோடு ஏன் தப்பிப்போகிறது? விழித்திரை செல்கள் பக்கத்து செல்களை அடக்கிவைக்கும். வெளிச்சம் மெல்ல மெல்ல மாறினால் அந்த மாற்றம் அங்கேயே பெரும்பாலும் கழிந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது லிங்கன் படம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைப் பெரிய சாம்பல் கட்டங்களாக மாற்றினார். கிட்டத்தில் பார்த்தால் கட்டங்கள்தான் தெரியும். கண்ணைச் சுருக்கினால் லிங்கன் வந்துவிடுவார். முகம் இருப்பது குறைந்த அதிர்வெண்ணில், அதாவது அகலமான வெளிச்ச மாற்றங்களில். கட்டங்களின் கூர்மையான விளிம்புகள் அதற்குமேல் புது அதிர்வெண்களைச் சேர்த்து முகத்தை மறைக்கின்றன. அவற்றில் மிக உயர்ந்த அதிர்வெண்கள் அவ்வளவாக மறைப்பதில்லை, முகத்தின் அதிர்வெண்ணை ஒட்டியிருப்பவைதான் அதிகம் மறைக்கின்றன என்று ஹார்மனும் சக ஆய்வாளர் பேலா ஜூலெஸும் 1973-ல் காட்டினார்கள். ஓவியர் சால்வதோர் டாலி 1976-ல் இதையே பெரிய ஓவியமாக்கினார்: கிட்டத்தில் கடலைப் பார்த்து நிற்கும் அவர் மனைவி, 20 மீட்டரில் லிங்கன்.

எனக்குக் கிட்டப்பார்வை. கம்ப்யூட்டர் திரையில் அந்தக் கட்டங்களைப் போட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினேன். விளிம்புகள் கலங்கி மறைய, தாடியும் நெற்றியுமாக முகம் மேலே எழுந்து வந்தது.