துகள் போக்குவரத்தா, துகள் பெயர்வா?

வியாழனின் காந்த மண்டலம் (அந்தக் கோளின் காந்தப்புலம் ஆட்சி செய்யும் வெளி) பற்றிய கட்டுரைகளில் ‘துகள் போக்குவரத்து’ மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. சிவப்பு விளக்குக்குக் காத்து நிற்கும் அயனிகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

மூலச்சொல் டிரான்ஸ்போர்ட். லத்தீனில் ‘டிரான்ஸ்’ அப்பால், ‘போர்ட்டாரே’ சுமத்தல். அவ்வளவுதான்.

அங்கே நடப்பது என்ன? ஐஓ நிலவின் எரிமலைகளால் வினாடிக்கு ஏறத்தாழ 1 டன் பொருள் காந்த மண்டலத்தில் சேர்கிறது. கந்தக, ஆக்சிஜன் அயனிகளாக மாறிக் காந்தப்புலத்தில் சிக்கி, 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிக்கும் வியாழனோடு அதுவும் சுழல்கிறது. மையவிலக்கு விளைவால் அடர்ந்த பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்களாலான இந்த வாயு) வெளியே நகர, அடர்த்தி குறைந்தது உள்ளே வருகிறது.

“போக்கும் இருக்கிறது, வரத்தும் இருக்கிறது, பிறகென்ன?” என்பார்கள். கெட்டிக்கார வாதம்தான். ஆனால் போன சரக்கில் பெரும்பகுதி காந்த வாலின் (சூரியனுக்கு எதிர்ப்புறம் நீண்டு கிடக்கும் காந்த மண்டலப் பகுதியின்) வழியே தொலைந்துவிடுகிறது. திரும்புவது ஏறக்குறைய காலியான காந்தப்புலக்கோடுகள். மேலும், 1979-இல் வாயேஜர் 1 விண்கலம் பதிவுசெய்த பிளாஸ்மா அலைகளை எங்கே வைப்பது? அத்தகைய அலைகள் எலக்ட்ரான்களைத் தடம் மாற்றி வளிமண்டலத்தில் விழச் செய்கின்றன. விழுந்தது விழுந்ததுதான், அதற்கு ஏது வரத்து?

‘கடத்தல்’ வேர்ப்பொருளில் நெருங்கி வருகிறது: கட, கடத்து. ஆனால் பாடநூலில் அது வெப்பக் கடத்தலுக்குப் போய்விட்டது. அங்கே பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, வெப்பம் மட்டும் நகரும். இங்கே பொருளே நகர்கிறது. செய்தித்தாளில் அந்தச் சொல் படும் பாடு தனி.

என் தேர்வு ‘துகள் பெயர்வு’. புலம்பெயர்வு என்று சொல்லிப் பழகிய நாக்குதானே நம்முடையது. (வியாழனில் புலமும் சேர்ந்தே பெயர்கிறது என்பது வேறு வேடிக்கை.) மொழிபெயர்ப்பாளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களுக்கு அந்தப் ‘பெயர்’ கண்ணில் படாமல் போனதுதான் வியப்பு. ‘இடப்பெயர்ச்சி’யோடு குழம்புமே என்றால், குழம்பாது. அது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான திசையுள்ள தொலைவு. பெயர்வு ஒரு நிகழ்வு.

பிளாஸ்மாவை அப்படியே விட்டுவிட்டேன் என்று தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்கலாம். இரத்தத்தின் திரவப் பகுதிக்கும் பிளாஸ்மா என்றே பெயர்; போன வாரம் ஒரு கட்டுரையில் பிளாஸ்மா அலைகளைக் ‘குருதிநீர் அலைகள்’ ஆக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு எனக்குத் துணிவு வரவில்லை.