‘வயித்துலேர்ந்து பாடு’ என்றால் என்ன?

திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில்தான் எனக்குப் பாட்டு வகுப்பு. ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் மூச்சு முட்டும்போதெல்லாம் டீச்சர் சொல்வார்: “தொண்டையால கத்தாதே, வயித்துலேர்ந்து பாடு.” நானும் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு பாடுவேன். பாவாடை நாடா தளரும், பாட்டு தேறாது.

வயிற்றில் குரலும் இல்லை, பாடுவதற்கான காற்றும் இல்லை (ஏப்பம் கணக்கில் வராது). காற்று இருப்பது நுரையீரலில். ஒலி பிறப்பது குரல்வளையில் இருக்கும் இரண்டு குரல் நாண்களில். ‘நாண்’ என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்று. அவை வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டிய கம்பிகள் இல்லை. சவ்வு போர்த்திய தசை மடிப்புகள். நம் டெல்டாக்காரர்களுக்கு நாதஸ்வரத்தின் சீவாளியைச் சொன்னால் சட்டென்று விளங்கும். கொறுக்கைத் தட்டையில் செய்த அந்த இரண்டு இதழ்களுக்கு நடுவே நாயனக்காரர் ஊதும் காற்று புகும்போது அவை மூடித் திறந்து அதிர்கின்றன இல்லையா, குரல் நாண்கள் செய்வதும் ஏறக்குறைய அதேதான். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண் சட்ஜத்தில், அதாவது ‘ஸ’வில், நின்றால் அவை விநாடிக்குச் சுமார் 196 தடவை மூடித் திறக்கும். மேல் சட்ஜத்தில் 392. இத்தனையும் செய்கிற மடிப்பின் நீளம் பெண்களுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான், ஆண்களுக்கு ஒன்றரை.

அப்படியானால் வயிறு எங்கே வந்தது? நுரையீரலுக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம் போல உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அது சுருங்கிக் கீழே இறங்கும். அடியில் இருக்கும் இரைப்பை, குடல் எல்லாம் நெருக்கப்பட்டு வயிறு முன்னால் வரும். பாடும்போது உதரவிதானம் மெல்லத் தளர்கிறது. விலா, வயிற்றுத் தசைகள் சேர்ந்து காற்றை ஒரே சீராக வெளியே விடுகின்றன. டீச்சர் கேட்டது இதைத்தான். நான் செய்ததோ நேர் எதிர். எக்கிய வயிறு உதரவிதானத்தை இறங்க விடாது, உள்ளே போகும் காற்றே குறைந்துவிடும்.

ஆனால் “உதரவிதானத்தைச் சுருக்கு” என்று சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன்? அது எங்கே நிற்கிறது என்று நமக்கு நேரடியாகத் தெரிவதே இல்லை. வயிறு தெரியும், கையை வைத்தும் பார்க்கலாம். ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்தின் பிறப்பைக் கொப்பூழிலிருந்து தொடங்குவதும், தியாகராஜர் ஜகன்மோகினி ராகக் கீர்த்தனையில் நாபி, ஹ்ருதயம், கண்டம், நாக்கு, நாசி என்று ஸ்வரங்களுக்கு இடம் சொல்வதும், பாடுகிறவர் உடம்புக்குள் உணர்ந்த வழி என்றே எனக்குப் படுகிறது.

உயிருள்ள மனிதரின் குரல் நாண்கள் அசைவதை ஆராய்ந்து எழுதியவர்களில் முன்னோடி, ஒரு பாட்டு வாத்தியார்! மானுவேல் கார்சியா 1854-இல் பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தன் வாய்க்குள் விட்டு, வெயிலை அதில் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்ன, பாட்டு வகுப்பின் மொழி மாறிவிட்டதா? இல்லை. கண்ணால் பார்த்த தசைக்கெல்லாம் உத்தரவு போட முடியாதே.

சில கட்டளைகளுக்குள் அசல் பௌதிகமே ஒளிந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது “அகாரத்தில் பாடு, வாயைத் திற” என்பது. குரல் நாண்கள் தருவது வெறும் மூலப்பொருள். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய், தனக்கு இசைவான அதிர்வெண்களை மட்டும் தூக்கிக் கொடுக்கிறது. ‘ஈ’ என்னும்போது அந்தக் குழாய் தூக்கிவிடும் முதல் இடம் சுமார் 300 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 300 அதிர்வு. வாயை நன்றாகத் திறந்து ‘ஆ’ என்றால் அது 700, 800 வரை ஏறும். இப்போது மேல் சட்ஜத்தின் 392-ஐ நினைத்துப் பாருங்கள். ‘ஈ’யில் சுருதி அந்த 300-ஐத் தாண்டிப் போய்விட்டது, குழாயின் உதவி குறைய, குரல் மெலிகிறது, நாம் தொண்டையை நெரிக்கிறோம். ‘ஆ’வில் மேல் பஞ்சமம் (மேல் ‘ப’) வரை, அதாவது 588 வரை, இடம் இருக்கிறது. உச்சத்தில் நீளமாக நிற்க வேண்டிய சொல்லில் ஈகாரம் வந்தால் அனுபவசாலிகள் வாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து சமாளிப்பது இதனால்தான்.

“மூக்கால் பாடாதே” என்பதைச் சோதிக்க டீச்சர்கூட வேண்டாம். ‘ஆ’ என்று பிடித்துக்கொண்டே மூக்கைப் பொத்துங்கள். ஒலி மாறினால் பின் அண்ணம் (வாயின் மேல்கூரையின் பின்பகுதி) சரியாக மூடவில்லை, காற்று மூக்கு வழியே கசிகிறது.

எல்லாக் கட்டளைகளும் இப்படித் தேறுவதில்லை. “தொண்டையைத் திற” என்பதைக் கேட்டுக் கொட்டாவி விடுவது போலப் பாடி, சாகித்யத்தையே விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கணிப்பில், உடம்பைப் பற்றிப் பேசாத சொற்களே அதிகம் பலிக்கின்றன. “சுருதிப் பெட்டியோட ஒட்டிப் போ” என்றால் எந்தத் தசை எவ்வளவு இழுபட வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. காது கேட்கிறது, நாண்கள் தாமாகத் திருத்திக்கொள்கின்றன.

மேல் சட்ஜம் வந்தால் நான் மோவாயைத் தூக்கிவிடுவேன். குரல்வளையும் கூடவே மேலே ஏறி இறுகிக்கொள்ளும். டீச்சர் குரல்வளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. “மேல போறப்ப கீழ வாசப்படியைப் பாரு,” என்பார். பார்ப்பேன். மோவாய் இறங்கும், சட்ஜம் நிற்கும்.